நகம் தட்டாத கைப்பிடி

காலை பத்து நாற்பதுக்கு என் மகனின் சட்டை முன்பக்கம் முழுவதும் நனைந்திருந்தது. நேரம் நினைவிருக்கக் காரணம், உத்தமபாளையம் போகிற பத்து நாற்பது பஸ் அனுமந்தன்பட்டி நிறுத்தத்தில் ஹாரன் அடித்ததும், இன்றைக்காவது ஒழுங்கான நேரத்துக்கு வந்தானே என்று பக்கத்து வீட்டுச் சின்னம்மா சொன்னதும்தான். முழுப்பரீட்சை விடுமுறைக்கு அப்பா வீட்டுக்கு வந்திருந்தேன். மகனுக்குப் பதினோரு மாதம். எச்சில் அவன் தாடையிலிருந்து நூலாக இறங்கிக்கொண்டே இருந்தது. பல் முளைக்கிறது என்றார் சின்னம்மா. முந்தின நாள் இரண்டு தடவை வயிற்றால் போயிருந்தது. அதுவும் பல்தான். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பல் வலியில் அழுதிருப்பான் என்று நானே சொன்னேன். எங்கள் பக்கத்தில் ஒரு வயதுக்குள் பிள்ளைக்கு என்ன வந்தாலும் அதைப் பல்லின் மேல் போட்டுவிடுவோம். சின்னம்மா விரலை விட்டு ஈறைத் தடவிப் பார்த்து, மேல் ஈறு தடித்திருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னார்.

அவன் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். நின்றபடியே குனிந்து அதன் கைப்பிடியைச் சப்பிக்கொண்டிருந்தான். பச்சை நிறக் கெட்டிப் பிளாஸ்டிக்கின் மேல் கறுப்பாக, மெத்தென்று, விரல் பட்டால் பிடித்துக்கொள்கிற ரப்பர் தோல் போர்த்திய கைப்பிடி. திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற பைப்பில் இருந்து கழற்றி, கழுவி, என் அப்பா அவனுக்காக மாட்டியது. அதற்குள் பூச்சிமருந்து இருந்தது. அது எங்களுக்கு மறுநாள் சாயங்காலம்தான் தெரிந்தது.

மகன் பிழைத்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது என்னைவிட உயரமாக இருக்கிறான். அவன் சாப்பிட உட்காரும்போதெல்லாம் நான் அவன் கண்மணிகளைப் பார்ப்பேன், சுருங்கியிருக்கிறதா என்று. "ஆரம்பிச்சுட்டியாம்மா" என்பான். பார்த்து முடித்த பிறகுதான் சோறு போடுவேன்.

நான் எழுத நினைத்தது அவனைப் பற்றி அல்ல. அந்தக் கைப்பிடியை வரைந்தவரைப் பற்றி. அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இங்கும் அப்படியே இருக்கட்டும்.

தேனியில் எங்கள் எதிர் வீட்டுக்கு அவர் குடிவந்த வாரம். சந்தையிலிருந்து இரண்டு கைகளிலும் பைகளோடு வந்துகொண்டிருந்தேன். வாசலில் நின்றிருந்த புதுப் பெண்மணி நேரே வந்து பைகளை வாங்கித் தெருவிலேயே கீழே வைத்தார். என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். பையின் பிடி அழுத்திய சிவந்த கோட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகுதான் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தார்.

"டீச்சரா? நகத்துக்குள்ள சாக்பீஸ் இருக்கு."

அன்றிலிருந்து நான் டீச்சர். அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். போடிக்காரர். கோயம்புத்தூரில் படித்து, அங்கேயே பிளாஸ்டிக் வார்க்கிற அச்சு, அதாவது டை, செய்கிற கம்பெனிகளில் சில காலம் வேலை பார்த்துவிட்டு, அம்மாவோடு தேனிக்கு வந்திருந்தார். எதை விட்டுவிட்டு வந்தார் என்று தெருவில் பலவிதமாகப் பேசினார்கள். நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. யாரைப் பார்த்தாலும் முதலில் கையைப் பார்ப்பார். இஸ்திரி போடுகிறவர், பால்காரர், என் கணவர், எல்லோருக்கும் இதே கதிதான். என் கணவர் முதல் தடவை கையை இழுத்துக்கொண்டார். தெருவில் சீக்கிரமே "ரேகைக்காரம்மா" என்று பெயர் வந்துவிட்டது. ஒரு நாள் உண்மையாகவே ஒரு அம்மாள் மகள் கல்யாணத்துக்கு நேரம் பார்க்கச் சொல்லி வந்து உட்கார்ந்துவிட்டார். அக்கா அவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அம்மி அரைப்பதைக் கொஞ்ச நாள் விடுங்கள், மணிக்கட்டு வீங்கியிருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்.

மருந்தடிக்கிற பம்பும், கையில் பிடித்துப் பீச்சுகிற நீளப் பைப்பான கன்னும் செய்கிற ஒரு சின்னக் கம்பெனிக்கு அவர் வரைந்து கொடுத்தார். முதலாளி உத்தமபாளையத்து பாய். அவருடைய அப்பா காலத்திலிருந்து தோட்டக்காரர்களுக்கு மோட்டார் விற்ற குடும்பம். அவர்கள் செய்த கன்னின் கைப்பிடி மொட்டைப் பிளாஸ்டிக். பன்னீர் திராட்சைக்குப் பந்தலுக்குக் கீழே நின்று, பைப்பை மேலே தூக்கிப் பிடித்து மருந்தடிக்க வேண்டும். காலையிலிருந்து வெயில் ஏறும்வரை கை தலைக்கு மேலேயே இருக்கும். மேலிருந்து சொட்டுகிற மருந்து பைப்பு வழியாகவே வழிந்து பிடித்திருக்கிற கைக்கு வரும். மொட்டைப் பிளாஸ்டிக் வழுக்கும், உள்ளங்கையில் கொப்புளம் போடும். அதனால் எல்லோரும் பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கைப்பிடியில் சுற்றியிருப்பார்கள். அந்தத் துணி மருந்தில் ஊறிப்போய், நாள் முழுக்க உள்ளங்கையோடு ஒட்டிக்கிடக்கும்.

அந்தத் துணியை ஒழிக்க வேண்டும். அக்காவுக்கு வேறு எண்ணமே இல்லை. சாப்பிடும்போதும் அதையே பேசினார்.

களிமண் உருண்டைகளை ஒரு வாளியில் ஈரத்துணி போட்டு மூடிக்கொண்டு பஸ் ஏறுவார். கம்பம், கூடலூர், அனுமந்தன்பட்டி என்று தோட்டம் தோட்டமாகப் போய், மருந்தடித்துக்கொண்டிருக்கிற ஆட்களை நிறுத்தி, கையைப் பிடித்துப் பார்த்து, களிமண்ணை இறுக்கிப் பிடிக்கச் சொல்வார். ஒரு தடவை விடுமுறையில் நானும் கூடப் போனேன். ஒரு பெரியவர் களிமண்ணைப் பிடித்தபடி, "கலியாணத்துக்கு அப்பறம் எங்கைய இப்புடி யாருமே பிடிக்கல தாயி" என்றார். சற்றுத் தள்ளிக் கொடி கட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி திரும்பிப் பார்க்காமலேயே, "பிடிக்கிற மாதிரியா வச்சிருக்கீக" என்றார். அக்கா சிரிக்கவில்லை. அந்தக் கையில் தோல் உரிந்த இடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படிப் பிடித்த களிமண்களைக் காயவைத்து முன்னறை அலமாரியில் வரிசையாக வைத்திருப்பார். நடுவில் கம்ப்யூட்டர், சுற்றிலும் ஆட்களின் பிடிகள். விரல்கள் பதிந்த பள்ளங்களோடு அவை உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருக்கும். ஆட்கள் கையை மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் போனதுபோல.

மேலே ரப்பர் தோல் போட வேண்டும் என்று சொன்னபோது பாய் ஒத்துக்கொள்ளவில்லை. "மருந்தடிக்கிறவனுக்கு எதுக்கும்மா மெத்த?" என்றார். அக்கா பழைய கைப்பிடி போட்ட பைப்பை அவர் கையில் கொடுத்து, பந்தலுக்குப் பிடிக்கிற மாதிரி மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னார். பிறகு ஊர்க்கதை பேச ஆரம்பித்தார். பாய் மரியாதைக்காகப் பிடித்துக்கொண்டே நின்றார். டீ வந்தது. அக்கா டீயை ஊதி ஊதிக் குடித்தார். கடைசியில் பாய் பைப்பை இறக்கி, உள்ளங்கையை வேட்டியில் தேய்த்துக்கொண்டு, "சரி, மெத்த போடு" என்றார்.

அந்த வேலை எப்படி நடக்கும் என்று எனக்கு ஒரு நாள் சொன்னார். முதலில் ஒரு டையில் கெட்டிப் பிளாஸ்டிக்கை ஊற்றி எலும்பு மாதிரி ஒன்று செய்வார்கள். அதை எடுத்து அடுத்த டைக்குள் வைத்து, மேலே இளக்கமான ரப்பர்ப் பிளாஸ்டிக்கைச் சதை மாதிரி ஊற்றுவார்கள். இரண்டும் ஒட்டிக்கொள்கிற சாதியாக இருக்க வேண்டும். அது மட்டும் போதாது, எலும்பில் ஓட்டைகள் விட்டு, சதை உள்ளே புகுந்து மறுபக்கம் போய்ப் பிடித்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும். எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது, மெத்தென்ற பகுதி முடிந்து கெட்டிப் பகுதி தொடங்குகிற விளிம்பு. அங்கே சதை மெல்லிய தகடாக முடிந்தால் உரிந்து வந்துவிடும். அதற்குக் காடி என்று ஒரு பள்ளக்கோடு வெட்டி, அதற்குள் தடிமனாகவே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நிறுத்திய இடத்தில் மேடு பள்ளம் இருக்கக் கூடாது.

"நகம் தட்டக் கூடாது டீச்சர். நகம் தட்டுனா அங்கனதான் உரியும், அங்கனதான் அழுக்கு சேரும்."

வலது கட்டைவிரல் நகத்தை அதற்காகவே கொஞ்சம் வளர்த்திருந்தார். எந்தப் பொருளைத் தொட்டாலும் அந்த நகம் விளிம்பில் ஓடும். எங்கள் வீட்டுச் சுவிட்சுப் பலகை, டிபன் டப்பா, என் கண்ணாடிக் கூடு. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து பிளாஸ்டிக் நாற்காலியின் அடியில் நகத்தை ஓட்டி, டை சரியாக மூடவில்லை என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்வார். என் மகன் பிறந்து மூன்றாம் நாள் பார்க்க வந்தவர், அவன் முகத்தைப் பார்க்காமல் மூடிய கையை விரித்து, விரல்கள் தம் சுண்டுவிரலைப் பிடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு தொட்டில் கம்பில் நகத்தை ஓட்டிவிட்டு, மரத்தில் சிலாம்பு இருக்கிறது, மாற்றுங்கள் என்றார்.

புதுக் கைப்பிடி வந்தது. உண்மையைச் சொன்னால், கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. விளிம்பு எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு தேடினால் தெரியாது. சொட்டுகிற மருந்து கைக்கு வராமல் தடுக்க முன்பக்கம் குடை மாதிரி ஒரு வளையமும் வைத்திருந்தார். தண்ணீர் கலந்த மருந்தில் அதை வாரக்கணக்கில் ஊறப்போட்டு, மொட்டைமாடியில் வெயிலில் கிடத்தி, திரும்பத் திரும்ப நகத்தை ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

ஆட்கள் துணியைக் கழற்றி எறிந்தார்கள். அக்கா சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அந்த ஒரு வருடம்தான்.

டையை ஓட்டிப் பார்த்தபோது வந்த சாம்பிள்களை அவர் தெரு முழுக்கக் கொடுத்தார். எங்கள் கேட் கொண்டியில் ஒன்று, இஸ்திரிக்காரரின் வண்டியில் இரண்டு, பால்காரரின் சைக்கிளில் இரண்டு. மருந்தே படாத, புத்தம் புதிய துண்டுகள் அவை. என் மகன் எழுந்து நிற்க ஆரம்பித்ததும் அவரே வந்து எங்கள் வீட்டு நடைவண்டிக்கும் ஒன்று மாட்டிவிட்டார். அவன் முதலில் அதைப் பிடித்தான், பிறகு கடித்தான். "பாருங்க, ஆளு டெஸ்ட் பண்றாக" என்று அக்கா சொன்னார். அவர் சொன்ன ஒரே வேடிக்கை அதுதான் என்று நினைக்கிறேன்.

தேனிக்கு வந்திருந்த அப்பா இதைப் பார்த்தார். அவருக்குத் திராட்சைத் தோட்டம், வீட்டில் அதே கைப்பிடி போட்ட பழைய கன் ஒன்று வால்வு கெட்டுக் கிடந்தது. நாங்கள் விடுமுறைக்கு வருகிறோம் என்றதும் ஊரில் ஒரு நடைவண்டி செய்யச் சொன்னார். கைப்பிடியைக் கழற்றினார். என் அப்பா அஜாக்கிரதையான மனிதர் அல்ல. மருந்து டப்பாக்களை மோட்டார் ரூமில் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டியிருப்பார். கைப்பிடியைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெந்நீரில் போட்டெடுத்து, கூரைமேல் காயவைத்து, மூக்கில் வைத்து மோந்தும் பார்த்தார். பிறகு ஒரு கட்டையைச் சீவி அதற்குள் நுழைத்து வண்டியில் இறுக்கினார். நான் போய் இறங்கியபோது, "வாடையே இல்ல ஆத்தா, நீயே மோந்து பாரு" என்று நீட்டினார். மோந்து பார்த்தேன். வெயில் வாசனைதான் அடித்தது.

பத்து நாற்பதுக்கு நனைந்திருந்த சட்டையை மாற்றினேன். அது நனைந்தது. அதையும் மாற்றினேன். பிறகு அவன் கால் மடங்கி உட்கார்ந்தான். தூக்கியபோது உடம்பு வேர்வையில் வழுக்கியது. உத்தமபாளையத்தில் டாக்டர் டார்ச் அடித்து அவன் கண்ணைப் பார்த்தார். கண்மணி இரண்டும் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. என்ன மருந்து சாப்பிட்டான் என்று கேட்டார். கிரைப் வாட்டர் என்றேன். அந்த மருந்தைக் கேட்கவில்லை என்றார்.

அங்கே ஒரு ஊசி போட்டுத் தேனிக்கு அனுப்பினார்கள். தேனியில் பெரிய ஆஸ்பத்திரி. சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கக் கழுவி, ஊசி மேல் ஊசி போட்டார்கள். எச்சில் நின்றது. கண்மணி விரிந்தது. உடம்பு சிவந்து, வாய் காய்ந்து, அவன் உரக்க அழுதான். அழுகிறானே என்று நான் சந்தோஷப்பட்டேன். கையில் ஏறிய டியூபை அவன் பிடுங்கப் பார்த்தான். கையில் எதையாவது கொடுங்கள் என்றார் நர்ஸ். கட்டிலோரம் நின்றிருந்த அப்பா, பேரன் விடாமல் பிடித்திருந்ததால் வண்டியிலிருந்து உருவிப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்த கைப்பிடியை எடுத்துக் கொடுத்தார். அவன் அழுகையை நிறுத்தினான். காய்ந்த வாயோடு அதைச் சப்ப ஆரம்பித்தான். எல்லோரும் அப்பாடா என்று மூச்சுவிட்டோம்.

சாயங்காலம் மறுபடி எச்சில். மறுபடி ஊசி. காலையில் தேறினான். அப்பா முகம் கழுவப் போனார். அவர் வருவதற்குள் மறுபடி கண் சுருங்கியது.

டாக்டர் சின்ன வயதுக்காரர், நல்லவர். உள்ளே போன விஷத்துக்குத்தான் மருந்து கொடுக்கிறோம், அது குறைய வேண்டும், ஆனால் ஏதோ புதிதாகப் போய்க்கொண்டே இருக்கிற மாதிரி இருக்கிறது என்றார். இப்படியே இன்னும் ஒரு தடவை ஆனால் மூச்சு தாங்காது என்பதையும் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அப்போது எனக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு போலீஸ்கார அம்மா வந்து என்னை வெளியே கூப்பிட்டபோது புரிந்தது.

கம்பம் பள்ளத்தாக்கில் பூச்சிமருந்து எதற்கெல்லாம் பயன்படும் என்று அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிள்ளைக்கு முதலில் கொடுத்துவிட்டுத் தானும் குடிக்கிற தாய்மார்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்த அம்மா சத்தம் போடவில்லை. தங்கையிடம் கேட்பதுபோலத்தான் கேட்டார். வீட்டுக்காரரோடு சண்டையா, மாமியார் ஏதாவது சொன்னார்களா, பால் புட்டியை யார் கழுவுகிறீர்கள். "மனசுல இருக்கிறதச் சொல்லிரு தாயி. என்ன மருந்துன்னு தெரிஞ்சாத்தான் பிள்ளையக் காப்பாத்தலாம்." நான் இல்லை இல்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கணவர் அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். அவர் ஒரு தடவை என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த கேள்வியை இன்றுவரை அவரிடம் நான் கேட்டதில்லை. புட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். பால் பவுடர் டப்பாவையும். கைப்பிடியை ஒருவரும் பார்க்கவில்லை. அது பிள்ளை விளையாடுகிற சாமான்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கொஞ்சம் முன்னால் போய்ச் சொல்லிவிடுகிறேன்.

மகன் வீடு திரும்பிய பிறகு அக்கா என் அப்பாவின் தோட்டத்துக்குப் போய், முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்து காட்டச் சொன்னார். அப்பா டிரம்மில் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டார். எண்ணெய் மாதிரி இருக்கிற கெட்டி மருந்தை ஊற்றினார். பைப்பைத் தலைகீழாகத் திருப்பி, கைப்பிடிப் பக்கத்தை உள்ளே விட்டுக் கலக்கினார். பால் மாதிரி ஆகும்வரை கலக்கினார். பிறகுதான் டிரம்மைத் தண்ணீரால் நிரப்பினார்.

கைப்பிடியைக் கொண்டா கலக்குவீர்கள் என்று அக்கா கேட்டார்.

"பின்ன? அந்தப் பக்கம் விட்டா மருந்து வர்ற மூக்கு அடைச்சிக்கிரும்ல."

பள்ளத்தாக்கு முழுக்க அப்படித்தான் கலக்கினார்கள். அக்கா எத்தனையோ தோட்டத்துக்குப் போனவர். ஆனால் மருந்து கலக்குகிற நேரம் வந்தால், வாடை அடிக்கும், தள்ளி நில்லு தாயி என்று அவரை வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிடுவார்கள். பெண்பிள்ளைக்குச் செய்கிற மரியாதை அது. அவர்கள் கலக்கி முடித்துக் கூப்பிட்ட பிறகு வந்து கையைப் பார்ப்பார். தண்ணீர் மருந்து அந்த ரப்பரை ஒன்றும் செய்யவில்லை. எண்ணெய் மருந்தை அது கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்திருக்கிறது. சோப்பு மேலே இருப்பதைத்தான் கழுவும்.

பாய் விற்பனையை அன்றே நிறுத்தினார். விற்றதையெல்லாம் திரும்ப வாங்க அக்காவே சாக்கோடு ஊர் ஊராகப் போனார். கொடுக்க மாட்டோம் என்றார்கள். அவ்வளவு மெத்தென்று இருந்ததால் பழையதை யாரும் எறிந்திருக்கவில்லை. அரிவாளில், சைக்கிளில், கிணற்று ராட்டினத்துக் கம்பியில், ஒரு காலில்லாத மனிதரின் ஊன்றுகோலில், குச்சனூர் பக்கம் ஒரு வீட்டில் தொட்டில் கம்பில் மாட்டியிருந்தார்கள். தொட்டிலைக் கண்ட அன்று அக்கா அந்த வீட்டு வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். கூடப் போன கம்பெனி ஆள் சொன்னார். வாங்கிய ஒவ்வொன்றையும் அங்கேயே கத்தியால் நீளவாக்கில் பிளந்தார், திரும்ப எதிலும் மாட்ட முடியாதபடி. சிலர் ஒளித்துவைத்துக்கொண்டு இல்லை என்றார்கள். அவர் அவர்களுடைய உள்ளங்கையைப் பிடித்துப் பார்ப்பார். இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

எங்கள் கேட்டில் இருந்ததையும் நடைவண்டியில் இருந்ததையும் அவரே வந்து கழற்றினார். அவை சுத்தமானவை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். என் கணவர் உள்ளே இருந்து வெளியே வரவில்லை. அலமாரியில் இருந்த களிமண் பிடிகளை அக்கா தண்ணீரில் கரைத்துவிட்டதாக அவருடைய அம்மா சொன்னார். அடுத்த வருடம் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். போகிற அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். லீவு போட்டிருக்கலாம். போடவில்லை.

போவதற்கு முன் அக்கா பாய்க்கு ஒரு கடைசிக் கைப்பிடி வரைந்து கொடுத்திருந்தார். முழுக்கக் கெட்டிப் பிளாஸ்டிக், ஒரு சொட்டுக்கூடக் குடிக்காது. சதுரமாக, நடுவில் துடுப்பு மாதிரி ஒரு தகடோடு, வேறு எதிலும் மாட்ட முடியாதபடி, பார்க்கவே பிடிக்காத ஒன்று. பிள்ளை அதைக் கையில் எடுத்தால் எறிந்துவிடும். அதற்காகவே அப்படி. இப்போதும் கம்பம் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது பந்தலுக்கு அடியில் அதைப் பார்க்கிறேன். அதன்மேல் பழைய வேட்டித் துணியைச் சுற்றியிருக்கிறார்கள்.

அவர்மேல் எனக்குக் கோபம் உண்டா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பிள்ளையின் கண்மணியைப் பார்க்கிற ஒவ்வொரு நாளும் உண்டு. பிறகு அந்த மறுநாள் சாயங்காலம் நினைவுக்கு வரும்.

அக்கா அப்போது கோயம்புத்தூரில் இருந்தார். நிறைய ஆர்டர் வந்திருந்ததால் அதே கைப்பிடிக்கு இரண்டாவது டை வெட்டக் கொடுத்து, அதை ஓட்டிப் பார்க்கப் போயிருந்தார். அவருடைய அம்மா போன் செய்து, எதிர் வீட்டுப் பிள்ளை விஷம் குடித்துவிட்டது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். தோளில் பயணப் பை. சேலையெல்லாம் கசங்கியிருந்தது. போலீஸ்கார அம்மா என்னிடம் அதே கேள்விகளை மூன்றாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் அடுத்த ஊசிக்கு மருந்தை எடுத்துக்கொண்டிருந்தார். மகனுக்கு நுரையோடு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

அக்கா என்னிடம் வரவில்லை. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வழக்கம்போல நேரே பிள்ளையின் கையிடம் போனார். மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். உள்ளே இருந்த கைப்பிடியை எடுத்தார். கையில் எடுத்ததுமே அவர் முகம் மாறியது. கறுப்புத் தோல் முடிகிற இடத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். நகம் நின்றது. இன்னொரு தடவை ஓட்டினார். அதே இடத்தில் நின்றது. பயணப் பையைத் தரையில் கவிழ்த்தார். அன்று காலை புது டையிலிருந்து எடுத்த கைப்பிடிகள் உருண்டன. ஒன்றை எடுத்துப் பழையதோடு சேர்த்துப் பிடித்தார். பழையது தடித்திருந்தது. கறுப்புத் தோல் காடியை விட்டு மேலே எழும்பி, நனைந்த ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. பக்கத்தில் வைத்தபோது யாருக்கும் தெரிந்தது. டாக்டருக்குத் தெரிந்தது. வாசலில் நின்ற என் அப்பாவுக்கும் தெரிந்தது, அவர் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நகம் தட்டுது டீச்சர்" என்றார் அக்கா.

பிறகு இரண்டையும் டாக்டரிடம் நீட்டினார். "இது மருந்தக் குடிச்சு உப்பிருக்கு சார். இதத்தான் பிள்ள சப்பிக்கிட்டே இருந்திருக்கான். வாயக் கழுவுங்க, கையக் கழுவுங்க. இத இங்கருந்து கொண்டு போயிருங்க."

டாக்டர் கையுறை மாட்டிய கையால் அதை வாங்கினார். நர்ஸ் தண்ணீரோடு ஓடி வந்தார். அக்கா திரும்பி, இன்னும் என் தோளில் கை வைத்தபடி நின்றிருந்த போலீஸ்கார அம்மாவைப் பார்த்தார். அவர் ஒருவரின் கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துப் பேசி நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

"அவுகள விட்டுருங்க. என்னையக் கேளுங்க. இத வரைஞ்சது நானு."